விலைபோன நகரமும் குடி நீங்கா உரிமையும்

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பயில்வோர் இரண்டு தொடர்களை நன்கறிவர். ஒன்று ‘குடி நீக்கிய தேவதானம்’. மற்றொன்று ‘குடி நீங்காத் தேவதானம்’. நிலமொன்று கோயிலுக்குக் கொடையாக வழங்கப்பெறுங்கால், அதில் முன்பிருந்து உழுதுவந்த குடிகளின் உரிமை விலக்கப்படுமாயின் அது முன்னது. அவர்தம் உரிமைக்கு ஊறு நேராவண்ணம் நிலம் மட்டும் கைமாறுமாயின் அது பின்னது. நிலத்திற்கு உடையவர் மாறுவது ஒன்று, நிலத்தில் வாழ்வோர் நிலை மாறுவது வேறொன்று என்னும் நுட்பத்தை அக்காலத்து ஆவணம் வரைந்தோர் உணர்ந்திருந்தனர். ஆதலின் இரண்டிற்கும் இரு வேறு சொற்களை ஆண்டனர்.

நம் காலத்தில் மண்ணில்லா ஊர்கள் பல தோன்றியுள்ளன. கணிப்பொறிகளின் நினைவில் எழுந்த அவ்வூர்களில் மக்கள் இலட்சக்கணக்கில் குடியேறினர், எழுதினர், நட்புக் கொண்டனர், இறந்தோரை நினைந்து அழுதனர். பின்னர் ஒருநாள் அவ்வூர் விலைபோயிற்று. புதிய உடையவர் யாது செய்வரோ என்று குடிகள் கலங்கினர். அவ்விற்பனை ஆவணங்களில் ‘குடி நீங்கா’ என்னும் சொல் இருந்ததா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா. இதற்குத் தக்க சான்றாக அமைவது ஜியோசிட்டீஸ் என்னும் இணைய நகரத்தின் வரலாறு.

ஊர் எழுந்த வரலாறு

1994-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்னும் இருவர் ‘பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். மறு ஆண்டில், விரும்புவோர்க்கெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் அமைத்துக்கொள்ள விலையின்றி இடம் தருவதாக அறிவித்தனர். அவ்விடத்தை அவர்கள் ஊர் போலவே வகுத்தனர் என்பதே சிறப்பு. திரைப்படத்தில் நாட்டமுடையோர்க்கு ‘ஹாலிவுட்’, வணிகம் பேசுவோர்க்கு ‘வால் ஸ்ட்ரீட்’, விளையாட்டில் ஈடுபாடுடையோர்க்கு ‘கொலீசியம்’, கணிப்பொறி வல்லார்க்குச் ‘சிலிக்கான் வேலி’, கல்வியும் மெய்யியலும் விழைவார்க்கு ‘ஏதென்ஸ்’ எனப் பகுதிகள் பிரிந்தன. தன்பாலின ஈர்ப்புடையோர் அச்சமின்றித் தம்மையொத்தோரைக் கண்டு பேசுதற்கு ‘வெஸ்ட் ஹாலிவுட்’ இடமளித்தது. ஒவ்வொரு பக்கத்திற்கும் பகுதியின் பெயரும் கதவெண்ணும் முகவரியாயின. புதிதாக வந்தார்க்கு வழிகாட்டுதற்கு அக்குடிகளுள்ளிருந்தே தொண்டர்கள் முன்வந்தனர்.

அங்குக் குடியேறினோரை ‘ஹோம்ஸ்டெடர்’ என்று அழைத்தனர். இப்பெயர் ஊன்றி நோக்கற்பாலது. 1862-இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டமொன்று, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டுகள் தங்கி உழைப்பார்க்கு அந்நிலத்தையே உரிமையாக்கியது. அந்நிலத்தின் தொல்குடிகளை அகற்றிவிட்டே அவ்வாறு வழங்கினர் என்பதும் மறத்தற்கில்லை. அச்சட்டத்தின்வழிக் குடியேறினோர்க்கு வழங்கிய பெயரைத்தான் இணைய நகரம் தன் மக்களுக்குச் சூட்டியது. ஆயின், பெயரை ஈந்த நகரம் பட்டாவை ஈயவில்லை. எத்தனை ஆண்டு உழைப்பினும் அவ்விடம் குடிகளுக்கு உரியதாகாது. விலையின்றிப் பெற்ற இடமாதலின் இதனை அந்நாளில் எவரும் பெரிதாக எண்ணினாரல்லர்.

1997-ஆம் ஆண்டிற்குள் குடிகளின் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. பொறியியல் கல்லாத இல்லத்தரசியரும் பள்ளி மாணவரும் ஓய்வுபெற்ற முதியோரும் தாமே பக்கம் சமைத்தனர். மின்னும் எழுத்துகளும், விண்மீன் நிறைந்த பின்னணிகளும், ‘இன்னும் கட்டப்பட்டு வருகிறது’ என்னும் அறிவிப்புப் படங்களும் அப்பக்கங்களை நிறைத்தன. கற்றோர் சிலர் அவற்றின் அழகின்மையை நகைத்தனர். எனினும், பொதுமக்கள் தம் கைப்பட எழுதித் தாமே உலகறிய வெளியிட்ட எழுத்து அதற்குமுன் இவ்வளவு பேரளவில் இருந்ததில்லை என்பதை வரலாற்று மாணவன் மறுக்க இயலாது.

நகரம் கைமாறியது

மக்கள் கூடும் இடம் வணிகர் கண்ணில் படாதிராது. 1998 ஆகஸ்டில் ஜியோசிட்டீஸ் பங்குச் சந்தையில் இறங்கியது. அதே மாதத்தில், குடிகளிடம் பெற்ற தனிச் செய்திகளைப் பயன்படுத்திய முறை குறித்து அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் சாட்டிய குற்றத்திற்கு அந்நிறுவனம் இணக்கம் காண நேர்ந்தது. ஆகவே பழைய உடையவர் அனைவரும் நல்லவர், புதியவர் அனைவரும் தீயவர் என்று கதை கட்டுதல் பொருந்தாது.

1999 ஜனவரியில் யாகூ நிறுவனம் இந்நகரத்தை ஏறத்தாழ 357 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது; மே மாதத்தில் கைமாற்றம் நிறைவுற்றது. அவ்வளவு பெருவிலை எதற்குக் கொடுக்கப்பட்டது? கணிப்பொறிகளுக்கன்று. அவை சந்தையில் மலிவாகக் கிடைக்கும். குடிகள் ஊதியமின்றி எழுதிக் குவித்த பக்கங்களுக்கும், அவற்றைக் காணவரும் கூட்டத்திற்குமே அவ்விலை. விலைபோன பொருளை உண்டாக்கியவர் குடிகள். விலை பேசும் அவையில் அவர்க்கு இருக்கை இல்லை.

ஜூன் மாத இறுதியில் புதிய உடன்படிக்கை குடிகள்முன் வைக்கப்பட்டது. அவர்கள் எழுதியவற்றை நிறுவனம் காலவரையின்றியும், திரும்பப் பெறவியலாதவாறும், கட்டணமின்றியும் பயன்படுத்தவும் மாற்றவும் வெளியிடவும் உரிமை கொள்ளும் என்று அதில் கண்டிருந்தது. குடிகள் கொதித்தெழுந்தனர். தெருவில் இறங்கிப் போராட அங்கே தெரு இல்லை. ஆதலின் தம் இல்லங்களையே போராட்டக் களமாக்கினர். வண்ணப் பக்கங்களை வண்ணமிழக்கச் செய்து, அவற்றின்மேல் அவ்வுடன்படிக்கையின் வாசகங்களையே பொறித்து வைத்தனர். நகரத்தைப் பேய் பிடித்ததெனக் காட்டுவது அவர்தம் கருத்து. பலர் வேறிடம் பெயர்ந்தனர். சில நாட்களிலேயே நிறுவனம் பணிந்தது. எழுத்தின் உரிமை எழுதினோர்க்கே என்று வாசகம் திருத்தப்பட்டது.

இவ்வெற்றி சிறிதன்று. ஆயினும் அது எழுத்தின் உரிமையை மீட்டதேயன்றி இடத்தின் உரிமையைத் தரவில்லை. அவ்வாண்டிலேயே, புதியவர்க்குத் தெருப்பெயரும் கதவெண்ணும் வழங்கும் முறை கைவிடப்பட்டது. தனித்தனி உறுப்பினர் பெயரே முகவரியாயிற்று. அண்டை வீடு என்பது மறைந்தது. அண்டை வீடு மறைந்தவிடத்து ஊர் என்பதும் மெல்ல மறைந்தது. அடுத்து இணைய வணிகத்தில் பெருஞ்சரிவு நேர்ந்தது. விளம்பர வருவாய் சுருங்கவே, விலையில்லாப் பக்கங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

அழிவும் மீட்பும்

2009 ஏப்ரலில், நகரம் அவ்வாண்டிலேயே மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அக்டோபர் 26 அன்று அது மூடப்பட்டது. மொத்தம் 3 கோடியே 80 இலட்சம் பக்கங்களுக்குக் குறையாமல் அங்கிருந்தன என்பர். புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை உரைக்கின்றது. இந்நகரைக் கொண்டது கடலன்று; கணக்கேடு.

அறிவிப்புக்கும் அழிவுக்கும் இடையே ஆறு மாதங்கள் இருந்தன. தம் பக்கங்களைப் படியெடுத்துக்கொள்ளுமாறு குடிகளுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் எழுதியவர்களுட் சிலர் இறந்துவிட்டனர். பலர் கடவுச்சொல்லை மறந்திருந்தனர். பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வந்த அறிவிப்பைக் காணாதோர் எத்தனையோ பேர். இந்நிலையில், ஜேசன் ஸ்காட் என்பவர் முன்னின்ற ‘ஆர்க்கைவ் டீம்’ என்னும் தொண்டர் குழு, எவரும் பணிக்காமலே நகரத்தைப் படியெடுக்கத் தொடங்கியது. ப்ரூஸ்டர் கால் 1996-இல் நிறுவிய ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ நூலகமும் தன் பங்கிற்குத் திரட்டியது. முழுவதும் மீளவில்லை, எனினும் பெரும்பகுதி பிழைத்தது. செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்த உ. வே. சாமிநாதையரை நினைவிற் கொண்டோர்க்கு இப்பணியின் அருமை தனியே விளக்க வேண்டுவதில்லை. யாகூவின் பெயரிலேயே இயங்கிய ஜப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச் இறுதிவரை வாழ்ந்து பின் மறைந்தது.

குடிபெயர்ந்து வாழ்ந்தோர்

எல்லாக் குடிகளும் அழிவை வாளா நோக்கியிருந்தனர் அல்லர். 1999-இல் பிராட் பிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க மாணவர் தொடங்கிய லைவ்ஜர்னல் என்னும் நாட்குறிப்புத் தளம் 2005-இல் ஒரு நிறுவனத்திற்கும், 2007 டிசம்பரில் சூப் என்னும் ரஷ்ய நிறுவனத்திற்கும் கைமாறியது. அதே 2007-இன் மே மாதத்தில் நூற்றுக்கணக்கான நாட்குறிப்புகள் திடீரென முடக்கப்பட்டன. நிறுவனத் தலைவர் பின்னர் வருத்தம் தெரிவித்து அவற்றுட் பெரும்பாலானவற்றை மீட்டளித்தார். எனினும் குடிகளின் நெஞ்சில் ஐயம் நிலைத்துவிட்டது.

அத்தளத்தின் நிரல் எவரும் எடுத்தாளத்தக்கதாய்த் திறந்து வைக்கப்பட்டிருந்தமை இங்குப் பெருந்துணையாயிற்று. அங்குப் பணியாற்றிய சிலர் அந்நிரலைக் கொண்டே 2009-இல் ‘டிரீம்விட்த்’ என்னும் புதிய ஊரைக் கட்டினர். விளம்பரம் இல்லை, உறுப்பினர் தரும் கட்டணமே வருவாய். பழைய நாட்குறிப்பையும், அதற்கு நண்பர் எழுதிய மறுமொழிகளையும் சேர்த்தே எடுத்துவர வழி செய்யப்பட்டது. 2016 இறுதியில் லைவ்ஜர்னலின் கணிப்பொறிகள் ரஷ்யாவிற்கு மாற்றப்பட்டு, 2017 ஏப்ரலில் ரஷ்யச் சட்டத்திற்குட்பட்ட புதிய உடன்படிக்கை வந்தபோது, புகலிடம் எட்டாண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாய் இருந்தது. பலர் தம் நாட்குறிப்புகளோடு அங்கே குடிபெயர்ந்தனர்.

நம் வீட்டுக் கதை

இவை அயலார் கதை என்று நாம் ஒதுங்குதற்கில்லை. 2000-இல் ஈகுரூப்ஸ் என்னும் நிறுவனத்தை யாகூ வாங்கியதன்பின் வளர்ந்த யாகூ குழுமங்களில், ராயர் காப்பி கிளப், மரத்தடி முதலிய தமிழ்க் குழுக்கள் செழித்தன. தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழர்க்கு அவை மாலைநேரத் திண்ணையாய் விளங்கின. கணிப்பொறியில் தமிழ் எழுத்து ஒருவழிப்படாதிருந்த காலத்தில், எழுத்துருவோடு மல்லாடிக்கொண்டே அங்கு இலக்கியம் பேசினர். 2017-இல் யாகூவை வெரைசன் நிறுவனம் வாங்கியது. 2019 அக்டோபரில் குழுமங்களின் சேமிப்பு அகற்றப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 15-இல் யாகூ குழுமங்கள் முற்றும் மூடப்பட்டன. முன்னெச்சரிக்கையாய்ப் படியெடுத்தார் கையில் இருப்பதே இன்று எஞ்சியது.

சட்டம் துணை நிற்குமா? 2018 மே முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி, ஒருவர் தாம் அளித்த தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லும் உரிமையை வழங்குகிறது. இந்தியாவில் 2019-இல் முன்வைக்கப்பட்ட வரைவில் அவ்வுரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அஃது இடம்பெறவில்லை. மேலும், இத்தகைய உரிமை தனியொருவர்க்கே உரியது. நூறுபேர் கூடிப் பேசிய உரையாடலில் ஒருவர் தம் சொற்களை மட்டும் எடுத்துச் செல்வது, திண்ணையிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்துச் செல்வதை ஒக்கும். திண்ணை அவரோடு வாராது.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை காண்போம். நாம் கண்ட இணைய ஊர்களின் விற்பனையில் குடிகளின் இடத்திற்கு ‘குடி நீங்கா’ என்னும் உறுதி இல்லை. அஃது இல்லாதவிடத்துக் குடிகளைக் காத்தவை மூன்று: உரிய நேரத்தில் கூடி எழுப்பிய குரல், தம் கையில் வைத்திருந்த படி, தம் பொருளால் தாமே கட்டிய வீடு. தமிழகத்திற்கு வெளியே சிறு சிறு தொகையாய்ச் சேர்த்துச் சங்கமும் நூலகமும் அமைத்த நம் முன்னோர் இம்மூன்றாவதன் வலிமையை அறிந்திருந்தனர். இன்று நம் கூட்டங்களும் கவிதைகளும் வாதங்களும் பிறர்க்குரிய இணைய நிலத்திலேயே பெரிதும் நிகழ்கின்றன. அங்குப் பேசுவதை விட வேண்டுவதில்லை. ஆனால் ஆண்டுக்கொருமுறையேனும் அவற்றைப் படியெடுத்து நம் நூலகத்தில் வைத்தல் வேண்டும். நிலம் எவர்க்கு விலைபோயினும், விளைந்த நெல் நம் களஞ்சியத்தில் இருக்கட்டும்.