ஆம்புலன்ஸ் கட்டண மோசடி

ஓடாத தூரத்துக்கும் கொடுக்காத ஆக்சிஜனுக்கும் நோயாளியிடமோ அரசிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ பணம் பெறுவது ஆம்புலன்ஸ் கட்டண மோசடி. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 சேவை இலவசம்; அதில் பணம் கேட்பதே முறைகேடு. தனியார் வண்டிகளில்தான் சிக்கல் அதிகம். மூச்சுத் திணறும் நோயாளியை வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது.

கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தமிழக அரசு தனியார் ஆம்புலன்சுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. ஆக்சிஜன் வசதியுள்ள வண்டிக்கு முதல் 10 கி.மீ.க்கு 2,000 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 50 ரூபாய். அக்கணக்கில் ஆவடியிலிருந்து 25 கி.மீ. பயணத்துக்கு 2,750 ரூபாய்.

அரசு ஒப்பந்தங்களில் போலிப் பயணக் கணக்கு எழுதப்படுவதுண்டு. ராஜஸ்தானின் 108 ஒப்பந்தம் குறித்து 2015இல் சிபிஐ வழக்குப் பதிந்தது.

ஏமாந்தவர் ரசீது, வண்டி எண், புறப்பட்ட, சேர்ந்த நேரம் ஆகியவற்றுடன் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர்வாசிக்குச் சென்னை மாவட்ட ஆணையம். ஆவடி, பூந்தமல்லிவாசிகளுக்குத் திருவள்ளூர். 1915 நுகர்வோர் உதவி எண். ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு ஆவடி காவல் ஆணையரகத்திலும், அரசு ஊழியர் உடந்தையென்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்திலும் புகார் தரலாம்.

உண்மை தெரிந்த ஓட்டுநருக்கும் கணக்கருக்கும்தான் பாதுகாப்பு போதவில்லை. ஊழலை அம்பலப்படுத்துவோருக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் துறை முறைகேடுகளுக்கே உரியது. அதுவும் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் கிடப்பது பெருங்குறை. மாறாக, அமெரிக்காவில் அரசை ஏமாற்றிப் பணம் பெறுவோருக்கு எதிரான 1863ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுக்கு மீளும் தொகையில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் தகவல் தந்து வழக்கிட்டவருக்கே கிடைக்கிறது.