மலையகத் தோட்டக் குடியிருப்பு

மலையகத் தோட்டக் குடியிருப்பு என்பது இலங்கையின் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற வட்டாரங்களில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே அமைந்த, பெரும்பாலும் தமிழர் வாழும் ஊர். பார்த்தால் கிராமம்தான், காணியும் கூரையும் மட்டும் தோட்ட நிர்வாகத்தின் கையில். வேலை இருந்தால் வீடு என்ற இந்தப் பிணைப்பே இவ்வூர்களின் வரலாறு முழுவதையும் வழிநடத்தியது.

தோட்டத்துரையான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதுவரை அங்கு பயிரான கோப்பி இலைத்துரு நோயால் அழிந்ததும் மலைகள் தேயிலைக்கு மாறின. கோப்பிக்கு வந்தவர்கள் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுதும் ஆள் கேட்கும். திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமார் கூட்டிவந்த குடும்பங்கள் இப்படித்தான் மலையில் நிலைத்தன.

அவர்களுக்குக் கிடைத்தது லயம் என்ற வரிசைவீடு. குடும்பத்துக்கு ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து இன்னோர் அறையாக்குவார்கள். விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களம், கைக்குழந்தை பிள்ளைக்காம்பரா என்ற காப்பகத்துக்கு, தாய் கூடையோடு மலைக்கு. நிறுவையில் குறித்த கிலோ வராவிட்டால் அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும்) ஆண்கள் பெரும்பாலும் பிற்பகலிலேயே வீடு திரும்பிவிடுவார்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மாலை நிறுவைக்குப் பிறகு அடுப்பும் காத்திருக்கும். தோட்டத்தின் லாபம் கணக்கில் வராத இந்த உழைப்பின் மேல் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை. இந்த உழைப்புக்கு நடுவிலும் மாசியில் காமன் கூத்து என்ற திருவிழா வந்தால் இரவெல்லாம் தப்பு மேளத்தின் சத்தம் கேட்கும்.

1947 தேர்தலில் இம்மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. ஒரே லயத்து உறவினர் சிலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற, மற்றவர்கள் இங்கேயே தங்கினர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

குடியுரிமை கிடைத்தபின்பும் தோட்டம் முழு ஊராகிவிடவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி இந்த உள்ளூராட்சிச் சபைகளால் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிட முடியாதிருந்தது. வாக்குப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அவரால் வாக்காளரின் லயத்துக்கு ஒரு பாதை போட்டுத்தர முடியவில்லை! 2018இல்தான் இந்த விதி திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகளும் உருவாயின.

இதற்கிடையே, 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஆனாலும் இளையோர் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். காம்பரா கைவிட்டுப் போகாதிருக்க வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருப்பது பல குடும்பங்களின் வழக்கம். 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டும் திட்டங்கள் இந்தப் பிணைப்பைத் தளர்த்தக்கூடியவை. இந்திய உதவியில் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. காணி உறுதி கையில் கிடைத்த குடும்பம் வேலையை விட்டாலும் வீட்டை விடவேண்டியதில்லை.