எல்லைப்புறத்தில் ஒரு விருந்து: விண்டோலாண்டா ஏடுகள் காட்டும் அயல்நாட்டு வாழ்வு

தமிழில் விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் உணவு அன்று. புதுமை என்பதே ஆகும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்பினுள் ஒன்றாகிய விருந்து, புதுவதாகப் புனையும் யாப்பினைக் குறித்தலைப் புலவர் அறிவர். புதுமையைக் குறித்த சொல் புதியராய் வந்தாரையும், பின்னர் அவர்க்கு இடும் உணவினையும் குறிப்பதாயிற்று. திருக்குறள் இல்வாழ்க்கை அதிகாரம் விருந்தினையும் ஒக்கலையும் வேறு வேறாக வைத்து எண்ணுதலும் இது பற்றியே. முன்பின் அறியாதார் விருந்தினர், உற்றார் ஒக்கல்.

இப்பாகுபாடு தம் ஊரில் தம் சுற்றத்திடையே வாழ்வார் நோக்கில் அமைந்தது. தம் நாட்டை நீங்கி அயல்நாட்டில் வாழ்வார் ஒரு திருநாளைக் கொண்டாட முற்படுங்கால், அவர்க்கு விருந்தினர் யாவர்? ஒக்கல் யாவர்? ஊரார் அனைவரும் புதியர். அழைப்பவரோ அவரினும் புதியர். இவ்வினாவிற்கு விடை காணப் பிரித்தானிய நாட்டின் வடவெல்லையில் கிடைத்த உரோமர் கால ஏடுகள் சில துணை செய்கின்றன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடுகளின் வரலாறு

வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்னும் பழைய படைக்கோட்டை உள்ளது. உரோமப் பேரரசன் ஏட்ரியன் எழுப்பிய நெடுமதில் கி.பி. 122ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. அதற்கு முன்பே அவ்வெல்லையைக் காத்து நின்ற கோட்டைகளுள் இஃது ஒன்று. 1973ஆம் ஆண்டில் இராபின் பர்லி என்னும் அகழ்வாய்வாளர் இங்கு மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். அவற்றின்மீது கரிமையால் இலத்தீன் எழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. பின்னர் நிகழ்ந்த அகழ்வுகளில் அத்தகைய ஏடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. காற்றுப் புகாத ஈர மண்ணே அவற்றை அழியாது காத்தது. ஆலன் போமன், டேவிட் தாமசு ஆகிய அறிஞர் இருவர் அவற்றைப் படித்து, எண்ணிட்டுப் பதிப்பித்தனர். ஈண்டு யாம் குறிக்கும் எண்கள் அப்பதிப்பின் எண்களே.

கி.பி. 100ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கோட்டையில் இருந்தது பட்டாவியரின் ஒன்பதாம் படைப்பிரிவு. பட்டாவியர் உரோமர் அல்லர். இரைன் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில், இன்றைய நெதர்லாந்து நாட்டில், வாழ்ந்த குடியினர். கி.பி. 69-70இல் உரோமரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தவர். ஒரு தலைமுறை கழிந்தபின் அக்குடியினரே உரோமப் படையாகக் கடல் கடந்து பிரித்தானியாவைக் காத்து நின்றனர். அவர்தம் தலைவன் பிளாவியசு செரியாலிசு. அவன் மனைவி சுல்பிசியா லெப்பிடினா. ஆகவே, அக்கோட்டையில் வாழ்ந்தார்க்கு அந்நாடும் அயல்நாடு. அவர் பேணிய திருநாட்களும் அவர்தம் முன்னோர் அறியாதவை. இவ்விரட்டை அயன்மையை நினைவிற்கொண்டே அவ்வேடுகளைப் படித்தல் வேண்டும்.

அழைப்போலை

291ஆம் எண்ணுள்ள ஏடு உலகறிந்தது. வேறொரு கோட்டையில் வாழ்ந்த ஏலியசு புரோக்கசு என்னும் படைத்தலைவனின் மனைவி கிளாடியா செவெரா, லெப்பிடினாவிற்கு விடுத்த பிறந்தநாள் அழைப்பு அது. நாள், உரோமர் முறைப்படி செப்டம்பர் இடசு நாளுக்கு முன் மூன்றாம் நாள் எனக் குறிக்கப் பெற்றுள்ளது. அஃதாவது செப்டம்பர் 11. உரோமர்க்குப் பிறந்தநாள் வெறுங்களியாட்ட நாள் அன்று. ஆடவர்க்கு அவரவர் காவல் தெய்வமும், பெண்டிர்க்கு அவரவர் யூனோவும் வழிபடப் பெறும் நாள் அது. ஆதலின் இவ்வழைப்பு வழிபாட்டோடு கூடிய இல்லத் திருநாளுக்கு உரியது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஏட்டின் பெரும்பகுதி எழுத்தன் ஒருவன் கையால் ஆயது. கணவன் வணக்கமும் சிறுமகன் வணக்கமும் முறைப்படி கூறப்பட்டுள்ளன. லெப்பிடினா வந்தால் அந்நாள் தனக்கு மேலும் இனிதாகும் என்று செவெரா கூறுகின்றாள். இவ்வளவும் எழுத்தன் எழுதியது. ஏட்டின் கீழ்ப்புறத்திலோ கை மாறுகின்றது. பழகாத, சற்றே தடுமாறும் எழுத்தில், தன் தோழியைச் சகோதரி என விளித்து, அவள் வரவை எதிர்நோக்கி இருப்பதாகச் செவெராவே எழுதுகின்றாள். ஒரு பெண் தன் கைப்பட எழுதிய இலத்தீன் எழுத்துகளுள் இன்று அறியப்பட்ட மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று.

எழுத்தன் எழுதி முடித்த பின்னரும் அவள் எழுதுகோலை வாங்கியது ஏன்? முறைமை கூற வேண்டியதனை எழுத்தன் கூறிவிட்டான். வேட்கை கூற வேண்டியதனை அவளே கூற வேண்டியதாயிற்று. எல்லைப்புறக் கோட்டையில் படைத்தலைவன் மனைவியின் நிலையினை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொதுப் படைவீரர் முறைப்படி மணம் செய்துகொள்ள உரோமச் சட்டம் இடந்தரவில்லை. தலைவர்க்கே அவ்வுரிமை இருந்தது. எனவே, கோட்டையுள் அவளுக்கு நிகரான பெண்கள் மிகச் சிலரே இருந்திருத்தல் கூடும். 292ஆம் ஏட்டில், லெப்பிடினாவைக் காண வருதற்குத் தன் கணவனிடம் இசைவு கேட்டதனையும் அவன் இசைந்ததனையும் செவெரா தெரிவிக்கின்றாள். ஒருத்தி மற்றொருத்தியின் இல்லம் செல்வதே கேட்டுப் பெற வேண்டிய செயலாய் இருந்தது என்பதனை இது காட்டும். மனைவியரை நாட்டுப்புற ஆட்சியிடங்கட்கு அழைத்துச் செல்லுதலே கூடாது எனக் கி.பி. 21இல் உரோம மூதவையில் ஒருவர் வழக்காடியதும், அது தோல்வியுற்றதும் வரலாறு கூறும் செய்தி. அத்தகைய பின்னணியில் பிறந்த ஓலை இது.

கடைத்தெருச் செய்தி

இங்கு ஒன்றனை நோக்குதல் வேண்டும். செவெராவின் அழைப்பில் உணவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அஃது அன்பின் ஓலையேயன்றி ஏற்பாட்டின் ஓலை அன்று. இவ்வோலையை மட்டும் எடுத்துக்காட்டி மகிழ்வோர், விருந்து தானே அமைந்துவிடும் என எண்ணினார் போலும். ஏற்பாடு வேறு ஏடுகளில் உள்ளது. அவற்றை எழுதியோரும் வேறு மக்கள்.

301ஆம் ஏடு அடிமை ஒருவன் மற்றோர் அடிமைக்கு எழுதியது. எழுதியவன் பெயர் செவெரசு. பெற்றவன் செனியாலிசு என்னும் தலைவனின் அடிமை காண்டிடசு. உரோமரின் பெருந்திருநாளாகிய சாட்டர்னேலியாவிற்கு வேண்டும் பொருள் பற்றியது அது. திசம்பர் 17இல் தொடங்கும் அத்திருநாளில் தலைவர் அடிமைக்குப் பணி செய்தலும் உண்டு என உரோம நூல்கள் கூறும். ஆயினும், இவ்வேடு காட்டுவது திருநாளுக்கு முந்தைய நாட்களை. பொருளொன்றனை நான்கு அல்லது ஆறு ஆசு விலையில் பார்த்து முடிக்குமாறும், அரைத் தெனாரியத்திற்குக் குறையாமல் முள்ளங்கி வாங்குமாறும் செவெரசு கேட்கின்றான். அக்காலத்தில் ஒரு தெனாரியம் 16 ஆசு ஆகும். எனவே முள்ளங்கிக்கு மட்டும் 8 ஆசு. திருநாளன்று தலைவன் அடிமைக்கு உணவு படைத்திருக்கலாம். அவ்வுணவிற்குரிய முள்ளங்கியை முன்னரே விலை பேசியவன் அடிமையே.

302ஆம் ஏடு வெரிகுண்டசு என்பானின் அடிமைக்கு விடுக்கப்பட்டது. உடைத்த அவரையினப் பருப்பு இரண்டு மோடியசு, கோழிக்குஞ்சு இருபது, அழகியன கிடைப்பின் ஆப்பிள் நூறு, முட்டை நல்ல விலைக்குக் கிடைப்பின் நூறு அல்லது இருநூறு என அப்பட்டியல் செல்கின்றது. மீன்சாறும் ஒலிவக் காயும் அதில் உள. இஃது இன்ன திருநாளுக்கு உரியது என ஏடு கூறவில்லை. ஆதலின் யாமும் அவ்வாறு வரையறுத்தல் கூடாது. எனினும், 'கிடைப்பின்', 'நல்ல விலைக்காயின்' எனும் நிபந்தனைகள் கருதத்தக்கன. கடையில் என்ன கிடைக்கும் என்பது உறுதியில்லாத இடத்தில் பெருஞ்சமையலுக்குத் திட்டமிடுவோர் மொழி அது. ஒலிவம் பிரித்தானியாவில் விளைவதன்று. நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து வர வேண்டும். நூறோ இருநூறோ என முட்டையின் எண்ணிக்கையைத் தளர்த்திக் கூறுதலும், கிடைப்பதைக் கொண்டு முடிக்க வேண்டிய நிலையினைக் காட்டும்.

பட்டாவியர் தம் பழஞ்சுவையையும் விட்டிலர். செரியாலிசின் இல்லக் கணக்காகிய 190ஆம் ஏட்டில் உரோமர்க்கு உரிய திராட்சை மதுவும் மீன்சாறும் இருக்க, அவற்றோடு வாற்கோதுமைக் கள்ளும் இடம்பெறுகின்றது. தன் வீரர்க்குக் கள் இல்லை, அனுப்புக எனச் செரியாலிசை வேண்டும் ஓலையும் ஒன்று உண்டு (628). திருநாள் உரோமருடையது, கலம் நிறைந்தது வடபுலத்தார் பருகும் கள். அயல்நாட்டில் வாழ்வார் கொண்டாட்டம் எப்பொழுதும் இவ்வாறு கலந்தே அமையும் என்க.

மிளகின் வழி

இவ்வேடுகளோடு தமிழகத்திற்கு உள்ள தொடர்பு ஒரு சொல்லில் அடங்கும். கோட்டை வீரர் கடன் கணக்காகிய 184ஆம் ஏட்டில், டாப்போ மகன் காம்பாக்சு என்னும் வீரன் பெயர்க்கு நேரே மிளகு, இரண்டு தெனாரியம் எனக் குறிக்கப் பெற்றுள்ளது. செவெரசு கேட்ட முள்ளங்கிச் செலவைப் போல இது நான்கு மடங்கு. அந்நாளில் உரோமர் பெற்ற கரிய மிளகு சேரநாட்டு மலைகளில் விளைந்து முசிறியில் கலமேறியது. யவனர் மரக்கலம் பொன்னைத் தந்து மிளகைப் பெற்றுச் சென்றதனை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்று 149ஆம் பாடலில் பாடியுள்ளார். முசிறி வாணிகம் பற்றிய கடனுடன்படிக்கை ஒன்று வியன்னாவில் உள்ள பாப்பிரசுச் சுவடியாகக் கிடைத்து, 1985இல் வெளியிடப் பெற்றது. செங்கடற்கரைப் பெரனிகே துறைமுகத்தில் இந்திய நாட்டுத் தாழி ஒன்றில் ஏழு கிலோவிற்கு மேற்பட்ட மிளகு கண்டெடுக்கப் பெற்றது.

மிளகின் பயணத்தை வாணிக வரலாறாகவே நாம் எழுதி வந்துள்ளோம். முசிறியில் எழுந்த கலத்தின் பின்னே செல்லும் நம் நோக்கு அலெக்சாந்திரியாவிலோ உரோமிலோ நின்றுவிடுகின்றது. வடபுலத்துக் குளிரில் கடன்பட்டு மிளகு வாங்கிய எளிய வீரன் ஒருவன் வரை அந்நோக்கு நீளுதல் வேண்டும். அயல்நாட்டில் தன் உணவிற்குச் சுவை கூட்ட விரும்பிய அவனும் அவ்வரலாற்றின் மாந்தனே.

உறவுச் சொல்

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். செவெரா லெப்பிடினாவைச் சகோதரி என்கின்றாள். அடிமையாகிய செவெரசு காண்டிடசைச் சகோதரன் என்கின்றான். படைத்தலைவர் ஒருவரையொருவர் அவ்வாறே விளிக்கின்றனர். இஃது உரோமர் ஓலை மரபு, இதனுள் உறவுணர்ச்சி காண்டல் மிகை என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஒரே சொல் பல நூறு ஓலைகளில் வருமாயின் அதன் ஆற்றல் தேய்தல் இயல்பே. ஆயினும் இம்மறுப்பு முழுதும் பொருந்தாது. செவெராவின் ஓலையில் அச்சொல் எழுத்தன் எழுதிய முறைமைப் பகுதியில் மட்டும் நிற்கவில்லை. அவள் தானே எழுதிய சில வரிகளிலும் வருகின்றது. மரபின் பொருட்டாயின் எழுத்தன் எழுதியதே போதும். மரபுச் சொல்லை ஒருவர் தம் கையால் மீண்டும் எழுதும்பொழுது அது மரபு என்னும் நிலையைக் கடந்துவிடுகின்றது.

எனவே, அயல்நாட்டில் திருநாள் கொண்டாடுவார்க்கு விருந்தும் ஒக்கலும் வேறு வேறு அல்ல எனல் தகும். அழைப்பே புதியரை ஒக்கலாக்குகின்றது. தாயகத்தில் உறவு இருத்தலால் அழைப்புப் பிறக்கின்றது. அயலிடத்தில் அழைப்பினால் உறவு பிறக்கின்றது.

ஆயினும் இம்முடிபோடு நின்றுவிடின் வரலாறு பாதியே ஆகும். நற்றிணையின் 120ஆம் பாடலில் விருந்திற்குச் சமைக்கும் தலைவி அடுப்புப் புகையில் வியர்த்து நிற்கின்றாள். அழைப்பின் இன்பமும் அட்டிலின் உழைப்பும் அங்கு ஓர் இல்லத்தில் ஒருங்கே காட்டப் பெறுகின்றன. விண்டோலாண்டாவில் அவை இருவேறு மக்களிடம் பிரிந்து கிடக்கின்றன. செவெரா நாளைக் குறித்தாள். யாரோ ஓர் அடிமை முள்ளங்கிக்கு விலை பேசினான். அவன் எழுதியதும் அவள் எழுதியதும் ஒரே மண்ணில் புதைந்து ஒரே அளவினவாய்க் கிடைத்தன. ஆராய்ச்சியாளர் அவற்றுள் ஒன்றனைப் பொன்னெழுத்தாகவும் மற்றொன்றனைக் கடைக்கணக்காகவும் பிரித்தல் முறையன்று.

நம் நாட்டில் ஓலைகள் செல்லரித்து மறைந்தன. எனினும் கொடுமணலிலும் கீழடியிலும் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அவை உண்ணவும் பருகவும் வைத்த கலங்களின் சிதைவுகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரேனும் உண்டு. அப்பெயர்க்குரியார் யாருக்கு உணவிட்டனர், யாரை எதிர்நோக்கி இருந்தனர் என்பதனை ஓடு கூறாது. லெப்பிடினா அப்பிறந்தநாளுக்குச் சென்றாளா என்பதனையும் அவ்வேடு கூறவில்லை. கூறியவற்றை மட்டும் கொண்டு, கூறாதவற்றின் முன் அடங்கி நின்று, சிறுமக்கள் வாழ்வினையும் வரலாற்றினுள் கொணர்தல் நம் கடனாகும்.