கோடை இல்லமும் பேணிய கரங்களும்

1864-ஆம் ஆண்டில், வைசிராய் ஜான் லாரன்ஸ் காலத்தில், சிம்லா இந்திய அரசாங்கத்தின் கோடைகாலத் தலைநகராயிற்று. வெயில் ஏறியதும் அலுவலகக் கோப்புகள் மட்டுமா மலையேறின? துரைமார்களின் குடும்பங்களும், அவர்கள் வளர்த்த நாய்களும் உடன் சென்றன. கால்காவிலிருந்து ரயில் பாதை திறந்தது 1903-இல்தான். அதுவரை குதிரை வண்டிகளும், சுமையாட்களின் தோள்களுமே துணை.

தேவதாரு மரங்களிடையே அமைந்த அவ்வில்லங்களின் சுகம் ஊழியர் பலரின் உழைப்பால் விளைந்தது. குழந்தையைப் பேணியவர் ஆயா. போர்த்துக்கீசிய மொழி தந்த சொல் இது. நாயைப் பேணியவர் 'டோரியா'. கயிறு எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயரை 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்துள்ளது. நாளெல்லாம் நாயோடு பழகியவருக்குக் கடியின் அபாயமும் உண்டு. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தரும் பாஸ்டர் நிலையம் சிம்லாவுக்கு அருகே கசௌலியில் ஏற்பட்டது 1900-இல்தான்.

துரைமார் தாயகம் திரும்புகையில் ஆயாக்கள் பலரும் குழந்தைகளோடு கப்பலேறினர். அங்கே வேலை முடிந்ததும் கைவிடப்பட்டோரும் உளர். அத்தகையோருக்குப் புகலளித்த லண்டன் ஹாக்னி இல்லத்தில் 2022-இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

துரைமார்களின் பெயர்களை வரலாறு காத்தது. பேணியவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் காக்கவில்லை. இன்றும் ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் வீட்டுக் குழந்தைகளையும் முதியோரையும் பேணுவோர் நம் தெருவிலேயே உள்ளனர். அவர்களுடைய பெயரை நாம் அறிந்திருக்கின்றோமா, நேயர்களே?