அகிம்சை பயின்ற களம்: டாக்டர் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமமும்

நம் நிறுவனத்தின் வரலாற்றை 1947-இல் தொடங்குவது வழக்கம். அதன் விதை விழுந்தது 1924-இல், தில்லியில். இந்து-முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாநோன்பிருந்து மீண்டுவந்த காந்தியடிகளைக் காண, சாந்திநிகேதனிலிருந்து மாணவர் ஒருவர் வந்திருந்தார். தீனபந்து ஆண்ட்ரூஸின் மாணவர். திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரைப் பகுதியில் 1904 அக்டோபர் 7-ஆம் நாள் பிறந்த இராமச்சந்திரன். வயது இருபதுதான். ஆயினும் வணங்கிவிட்டுத் திரும்பவில்லை, வாதாடினார். கலைக்கு உங்கள் வாழ்வில் இடமுண்டா, எந்திரங்கள் எல்லாமே தீயவையா என்று அடுக்கிக் கேட்டார். தையல் எந்திரத்துக்கு விலக்குக் கொடுத்து அடிகள் சொன்ன விடை அந்த உரையாடலில் வந்ததே. அது ‘யங் இந்தியா’வில் அச்சாயிற்று. கேள்வி கேட்டவர் சபர்மதி ஆசிரமத்திற்குப் போய்ச் சேர்ந்தார். தாகூரிடம் கற்ற அழகுணர்வும் காந்தியடிகளிடம் கற்ற உழைப்பும் அவரிடம் கடைசிவரை சண்டையிட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த இருபதாண்டுகள் விடுதலைப் போராட்டத்திலும் வார்தாவின் நிர்மாணப் பணிகளிலும் கழிந்தன. டாக்டர் சௌந்தரம் அவர் வாழ்வில் வந்ததும் அக்காலத்தில்தான். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளமையிலேயே கணவரை இழந்தவர். தில்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றவர். இருவரும் ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் காந்தியடிகள். இருந்தார்கள். 1940-இல் அவரது ஆசியோடு திருமணம் நடந்தது. விதவை மறுமணமே பெரும்பேச்சான காலத்தில் மொழியும் சாதியும் கடந்து நடந்த மணம் அது. இன்று எளிதாக எழுதிவிடுகிறோம். அன்று அவ்விருவரும் கொடுத்த விலை சிறிதன்று.

நாடு விடுதலை பெற்ற 1947-இலேயே, சிறுமலை அடிவாரத்தில், அம்பாத்துரை இரயில் நிலையத்தை ஒட்டிய மேட்டு நிலத்தில் காந்திகிராமம் தோன்றியது. அருகே சின்னாளபட்டி, தறிச் சத்தம் ஓயாத ஊர். சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணி கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. கிராமப் பெண்களுக்குச் சேவைப் பயிற்சி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், ஆதாரக் கல்விப் பள்ளி என ஒவ்வொன்றாக எழுந்தன. கையில் பணமில்லாமல் தொடங்கியவர்கள் தங்கள் இருவரின் வாழ்வையே முதலாக வைத்தார்கள்.

1956-இல், மத்திய அரசின் கிராமிய உயர்கல்வித் திட்டத்தின்கீழ் கிராமிய நிறுவனம் உருவாயிற்று. கிராமப் பணியில் மூன்றாண்டுப் பட்டயம் வழங்கப்பட்டது. அந்தப் பட்டயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது பி.ஏ.வுக்கு நிகர்தான் ஐயா’ என்று அலுவலகம் அலுவலகமாக விளக்கிய முதல் அணி மாணவர்களின் பொறுமையை இம்மலர் நன்றியோடு பதிவு செய்கிறது.

‘ஜி.ஆர்.’ என்று நாம் அழைக்கும் இராமச்சந்திரனின் தனி முத்திரை என்றால் அது சாந்தி சேனைதான். போருக்குப் படை பயிற்றுவிக்கும் நாடு அமைதிக்குப் பயிற்சி தராமல் அதை எப்படி எதிர்பார்க்கும் என்பதே அவர் கேள்வி. வினோபா 1957-இல் நாட்டளவில் அமைத்த சாந்தி சேனையின் வழியில், மறு ஆண்டே இங்கு மாணவர் சேனை கண்டார். அணிநடை உண்டு, ஆயுதம் இல்லை. முதலுதவி, பெருங்கூட்டத்தை ஒழுங்குபடுத்தல், பூசல் மூளும் இடத்தில் கையோங்காமல் நடுவில் நிற்றல் ஆகியவை பாடங்கள். அகிம்சையைத் தேர்வுத்தாளில் எழுதித் தேறிவிடலாம் என்பதை அவர் ஒருநாளும் ஒப்பவில்லை. வகுப்பறை பாதி, வெயில் பாதி என்றிருந்த அந்தப் படிப்பே மற்ற கல்லூரிகளிலிருந்து நம்மைப் பிரித்துக் காட்டியது.

1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் துணைவியார் கொரெட்டாவோடு இந்தியா வந்தார். அழைத்த அமைப்புகளில் ஒன்று காந்தி நினைவு நிதி. அதன் செயலாளர் நம் ஜி.ஆர். தென்னகப் பயணத்தில் காந்திகிராமமும் இடம்பெற்றது. மான்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பை நடத்தி வென்றவர் இந்த மண்ணுக்கு வந்துபோனது நமக்குக் கிடைத்த பெரும்பேறு.

அறுபதுகளில் இருவரும் தில்லிக்கும் காந்திகிராமத்திற்குமாக அலைந்தனர். சௌந்தரம் அம்மா 1962-இல் பத்மபூஷண் பெற்றார். திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். ஜி.ஆர். 1964 முதல் 1970 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினர். ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த கிராம சுகாதார, குடும்பநலப் பணி நாட்டின் கவனத்தை ஈர்த்ததும் இக்காலத்தில்தான்.

1976 ஆகஸ்டில் நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் துணைவேந்தர் ஜி.ஆரே. பட்டயத்தை விளக்கித் திரிந்த இருபதாண்டுக் காத்திருப்பு அத்துடன் முடிந்தது. பல்கலைக்கழகமானபின்னும் கிராமத்தில் தங்கிப் பணி செய்வது பாடத்திட்டத்தில் நீடித்தது.

பின்னர் ஜி.ஆர். நெய்யாற்றின்கரைக்குத் திரும்பி, தம் தாயின் பெயரால் மாதவி மந்திரம் அமைத்து அங்கும் பணியைத் தொடர்ந்தார். அம்மா 1984 அக்டோபர் 21-இல் மறைந்தார்; ஜி.ஆர். 1995 ஜனவரியில். 2005-இல் அம்மாவுக்கு அஞ்சல் தலை வெளியாயிற்று. ஜி.ஆர். களத்தில் கற்பித்ததை இன்று காந்தியச் சிந்தனை, அமைதி அறிவியல் துறை முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு வரை கற்பித்து வருகிறது.