முள்ளிக்கு முன்னால் நீர்

முள்ளோடு உடைமைப்பொருள் தரும் இகரம் சேர்ந்தால் முள்ளி. தொட்டுப் பார்த்தவர் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முள்ளிகள் பல. உப்பங்கழியில் கழிமுள்ளி, வேலியோரத்தில் செம்முள்ளி (பூவோ மஞ்சள்), கத்தரியின் உறவான கறிமுள்ளி. வாய்க்கால் கரையிலும் குளத்துச் சேற்றிலும் ஊதாப் பூவோடு நிற்பது நீர்முள்ளி.

சங்கப் பாட்டில் அடைமொழி இல்லை, வெறும் முள்ளிதான். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய களவன் பத்தில், சேறாடிய புள்ளி நண்டு முள்ளிச் செடியின் வேரடி வளைக்குள் நுழைகிறது. பாடல் மருதம், ஆகவே அந்த முள்ளி கழிமுள்ளி அல்ல, வயல் பக்கத்து நீர்முள்ளி என்றே கொள்கிறேன்.

மலையாளத்தில் இது வயல்ச்சுள்ளி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த, டச்சுக்காரரின் தாவர நூலான ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ அதை ‘பாஹெல் சுள்ளி’ என்று எழுதியது. டச்சுக்காரர் காதில் வயல் அப்படி விழுந்திருக்கிறது! தாவரவியலாளர் லின்னேயஸ் இதைச் செம்முள்ளியோடு ஒரே பேரினத்தில் வைத்தார். முள்ளைப் பார்த்து நம்மவர் சேர்த்த சேர்க்கையும் அதுதானே. பிறகு அது ஹைக்ரோஃபிலா பேரினத்துக்கு மாறியது. கிரேக்கத்தில் அதற்கு ‘ஈரத்தை விரும்புவது’ என்று பொருள். இன்று வழங்கும் தாவரவியல் பெயர்களில் ஒன்று ஹைக்ரோஃபிலா சுள்ளி: கிரேக்கத்தின் ஈரமும் மலையாளத்தின் சுள்ளியும்.

தோட்டத்தில் வளர்ப்பவர் பெயரின் முன்பாதியைக் கவனித்தால் போதும். வடிகால் நல்ல மண் என்று மற்றச் செடிகளுக்குச் சொல்லும் பாடம் இதற்கு ஆகாது. துளையில்லாத தொட்டியில் களிமண் இட்டு எப்போதும் சொதசொதவென்று வைக்கலாம். கைகழுவும் நீர் தேங்கும் இடமும் சரி. நடைவழியில் மட்டும் வேண்டாம். கணுவுக்குக் கணு இலைகளுக்கிடையே வட்டமாக நிற்கும் மஞ்சள் முள் பிள்ளைகளின் காலைப் பதம் பார்த்துவிடும்.

பூவுக்குத் தேனீக்கள் வரும். இலைக்கு வருவது மயில் வசீகரன் பட்டாம்பூச்சி; முட்டையிட அதற்கு வாய்த்த செடிகளில் இதுவும் ஒன்று. புழு தின்று இலை ஓட்டையாகும். மருந்து தெளித்தால் பட்டாம்பூச்சியையே கொன்றதாகும். அந்தப் புழுவின் உடம்பிலும் முள்தான்.

நாட்டுமருந்துக் கடையில் நீர்முள்ளி விதை கிடைக்கும்; பழசாக இருந்தால் முளைக்காது. குளத்தங்கரையில் முற்றிய காயைப் பறிப்பதே மேல். ஈரக் கையால் விதையைத் தொடாதீர்கள்: நனைந்ததும் கொழகொழவென்று விரலோடு ஒட்டிக்கொள்ளும், சேற்றில் விழாது.