எலிசபெத் டிலி

எலிசபெத் டிலி (1607 – 1687) மேபிளவர் கப்பலில் 1620 ஆம் ஆண்டு வட அமெரிக்கா சென்று, பிளைமவுத் குடியேற்றத்தில் வாழ்ந்த ஆங்கிலேயப் பெண்மணி ஆவார். திருமணத்திற்குப் பின்னர் எலிசபெத் ஹவ்லண்ட் என்று அறியப்பட்டார். இவர் அக்குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் மகள் என்றே 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பலரும் நம்பி வந்தனர். குறைவுபட்ட ஆவணங்களிலிருந்து ஒரு பெண்ணின் குடிவழியை எவ்வாறு நிறுவ முடியும் என்பதற்கு இவரது வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பிளைமவுத்தில் வாழ்க்கை

மேபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே நோயுற்று இறந்தனர். எலிசபெத்தின் தாயும் தந்தையும், உடன் வந்த சிறிய தந்தை எட்வர்டு டிலியும் அவர் மனைவியும் இவர்களுள் அடங்குவர். பதின்மூன்று வயதான எலிசபெத் தனித்து விடப்பட்டார். பின்னர், ஆளுநர் கார்வரின் பணியாளராகக் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்டை மணந்தார்.

இத்திருமணம் பற்றிய பதிவு எதுவும் கிடைக்கவில்லை. எனினும் குடியேற்றத்தின் கால்நடைகள் 1627 ஆம் ஆண்டு குடும்பவாரியாகப் பங்கிடப்பட்டபோது எழுதப்பட்ட பட்டியலில் ஹவ்லண்ட், அவர் மனைவி எலிசபெத், பிள்ளைகளான டிசையர், ஜான் ஆகிய நால்வரின் பெயர்களும் உள்ளன. இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்க வேண்டுமாதலால், திருமணம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நடந்திருக்க வேண்டும். பசுக்களையும் ஆடுகளையும் பங்கிட எழுதிய தாள் ஒன்றே இங்கு திருமணப் பதிவேட்டின் இடத்தை நிரப்புகிறது. ஆனால் அதில் எலிசபெத் கணவரின் குடும்பப் பெயரோடு மட்டுமே குறிக்கப்படுகிறார். பிறந்த வீட்டின் பெயர் அதில் இல்லை.

கார்வரின் மகள் என்ற கருத்து

ஹவ்லண்ட் கார்வரின் வீட்டைச் சேர்ந்தவர். கார்வர் 1621 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் இறந்தார். சில வாரங்களில் அவர் மனைவியும் இறந்தார். ஹவ்லண்டின் மனைவி கார்வரின் மகளாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வழிவழியாகப் பரவியமைக்கு இத்தொடர்பே காரணம் எனலாம். ஆளுநரின் வழித்தோன்றல் எனச் சொல்லிக்கொள்வதில் இருந்த பெருமையும் இதற்கு உதவியிருக்கும். பிளைமவுத்தின் கல்லறைக் குன்றில் 19 ஆம் நூற்றாண்டில் ஹவ்லண்டுக்கு நாட்டப்பட்ட கல்லிலும் இச்செய்தி பொறிக்கப்பட்டிருந்தது. கல்லில் பொறித்த செய்தியை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை.

பிராட்போர்டின் கையெழுத்துப் படி

உண்மையை அறிந்திருந்தவர் குடியேற்றத்தின் இரண்டாம் ஆளுநரான வில்லியம் பிராட்போர்டு ஆவார். அவர் எழுதிய பிளைமவுத் குடியேற்ற வரலாற்றின் இறுதியில், கப்பலில் வந்தவர்களின் பெயர்ப்பட்டியலையும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒவ்வொரு குடும்பமும் எவ்வாறு குறைந்தது அல்லது பெருகியது என்ற குறிப்பையும் சேர்த்திருந்தார். ஹவ்லண்ட் மணந்தது ஜான் டிலியின் மகள் எலிசபெத்தை என்றும், அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் என்றும், அனைவரும் உயிருடன் உள்ளனர் என்றும் அதில் குறித்துள்ளார்.

இந்நூல் அப்போது அச்சேறவில்லை. பாஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் இருந்த நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த கையெழுத்துப் படி அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமற் போனது. ஆங்கிலேய ஆயர் சாமுவேல் வில்பர்போர்சு 1844 இல் எழுதிய நூலொன்றில், வேறெங்கும் காணப்படாத சில பகுதிகள் மேற்கோளாக இடம்பெற்றிருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 1855 இல் கவனித்தனர். அதன் வழியே தேடியதில், படி இலண்டன் ஆயரின் புல்லாம் மாளிகை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. முழு நூலும் 1856 இல் மாசச்சூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தால் வெளியிடப்பட்டது. மூலப் படி 1897 இல் மாசச்சூசெட்ஸுக்குத் திரும்பியது. இவ்வாறு, எலிசபெத் இறந்து 160 ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே அவருடைய தந்தையின் பெயர் உறுதியானது. கல்லறைக் கல்லும் பின்னர் மாற்றப்பட்டது.

தாய் யார்?

பிராட்போர்டின் பட்டியலில் ஜான் டிலி, அவர் மனைவி, மகள் எலிசபெத் என்று மட்டுமே உள்ளது. மனைவியின் பெயர் இல்லை. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1615 ஆம் ஆண்டு பிரிட்ஜட் வான் டெர் வெல்டே என்பவரை மணந்த ஜான் டிலி ஒருவரின் பதிவு உள்ளது. கப்பலில் வந்தவர் பலர் லெய்டனில் வாழ்ந்தவர்களாதலால், அப்பெண்ணே மேபிளவரில் வந்த மனைவி என்று சிலர் கொண்டனர். பெயர் ஒன்றாயிருப்பதை மட்டும் சான்றாகக் கொள்வது குடிவழி ஆய்வில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

விடை இங்கிலாந்தின் பெட்போர்ட்சயரில் உள்ள ஹென்லோ என்னும் சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டில் கிடைத்தது. இப்பதிவுகள் பற்றிய விரிவான ஆய்வு 1976 இல் குடிவழி ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. ஜான் டிலி, ஜோன் ஹர்ஸ்ட் என்னும் கைம்பெண்ணை 20 செப்டம்பர் 1596 அன்று அங்கு மணந்தார். ஜோனின் முதற் கணவர் பெயர் தாமஸ் ராஜர்ஸ். எலிசபெத்துக்கு 30 ஆகஸ்ட் 1607 அன்று அதே ஊரில் திருமுழுக்கு நடந்தது.

இது வேறொரு டிலி குடும்பமாக இருக்கக்கூடாதா என்ற கேள்வி எழலாம். கப்பலில் எட்வர்டு டிலி குடும்பத்தோடு ஹென்றி சாம்சன், ஹியுமிலிட்டி கூப்பர் என்னும் உறவுப் பிள்ளைகள் இருவரும் வந்தனர். ஹென்லோ பதிவேட்டிலும் டிலி, சாம்சன், கூப்பர் குடும்பங்கள் திருமண உறவால் பிணைந்து காணப்படுகின்றன. ஒரு பெயர் தற்செயலாக ஒத்துப்போகலாம். உறவுக் கூட்டமே ஒத்துப்போவது அரிது.

விருப்ப ஆவணம்

எலிசபெத் தம் இறுதிக் காலத்தை மகள் லிடியா பிரவுனின் வீட்டில், ஸ்வான்சி என்னும் ஊரில் கழித்தார். 17 டிசம்பர் 1686 அன்று எழுதிய விருப்ப ஆவணத்தில் தமக்கு வயது 79 என்று கூறியுள்ளார். 1607 ஆகஸ்டில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு அந்நாளில் வயது 79 என்பது குறிப்பிடத்தக்கது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் எழுதப்பட்ட இரு ஆவணங்கள் இவ்வாறு பொருந்துகின்றன.

பெண்களின் மணமான பின் பெயர்களை அறியவும் இவ்வாவணம் உதவுகிறது. மகள்கள் கணவரின் குடும்பப் பெயரோடு குறிக்கப்படுகின்றனர். பேரப்பிள்ளைகள் சிலரும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். மகன் ஜோசப்புக்கு ஒரு தூக்குக்கோலும், லிடியாவுக்கு இறகு மெத்தை, பச்சை நிறக் கம்பளம், பித்தளைக் கெண்டி, சிறிய விவிலியம் ஆகியவற்றுடன், லெய்டன் சபையின் போதகரான ஜான் ராபின்சன் எழுதிய நூலொன்றும் விட்டுச் செல்லப்பட்டன. எலிசபெத் 1687 டிசம்பரில் இறந்தார். ஆவணம் மறு சனவரியில் மெய்ப்பிக்கப்பட்டது. அக்கால ஆங்கிலேய நாட்காட்டியில் புத்தாண்டு மார்ச் 25 அன்றே தொடங்கியதால் மூலத்தில் அதுவும் 1687 எனவே உள்ளது. இன்றைய கணக்கில் அது 1688 ஆகும்.

வழித்தோன்றல்கள்

பத்துப் பிள்ளைகளும் வளர்ந்து பெரியவர்களானதால் இவரது வழியினர் மிகப் பலர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான பிராங்க்ளின் ரூசவெல்ட், ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆகியோர் இவ்வழி வந்தவர்களாவர்.